உடலுக்கு யார் அந்நியர்?

கல்வராயன் மலைக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் ரிஷிவந்தியம் வட்டாரம், கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளையும் பூமி. பம்புசெட்டுக்கு மின்சாரம் இரவில் வந்தால், உழவரும் இரவில்தான் தண்ணீர் பாய்ச்சப் போகவேண்டும். காலில் செருப்பு இராது. கையில் ஒரு கைவிளக்கு மட்டும். வரப்பில் கால் வைத்த இடத்தில் சுருக்கென்று ஒரு வலி. விளக்கைத் திருப்புவதற்குள் கரும்புச் சோகைக்குள் ஏதோ சரசரத்து மறைகிறது. ஊரார் கூடுகின்றனர். கயிற்றால் கட்டலாம் என்கிறார் ஒருவர். பச்சிலை அரைக்கலாம் என்கிறார் மற்றொருவர். விவரம் அறிந்த ஓர் இளைஞர் இருசக்கர வண்டியை எடுத்து, கடியுண்டவரை நடுவில் அமர்த்திக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு விரைகிறார்.

இது கதையன்று, நம் சிற்றூர்களில் ஆண்டுதோறும் நிகழ்வது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்த எளியவர்கள்.

மருத்துவமனையை அடைந்தவருக்கு என்ன தரப்படுகிறது? சிறு கண்ணாடிக் குப்பிகளில் உள்ள வெண்ணிறத் தூளைக் கரைத்து, உப்புநீரில் கலந்து, சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுகின்றனர். அந்தத் தூள் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு பாம்புகளைப் பிடித்து நஞ்சை எடுக்கின்றனர். மருந்து செய்வோர் அந்நஞ்சை மிகச் சிறிய அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குதிரைக்குச் செலுத்துகின்றனர். குதிரையின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பொருளே பிரித்தெடுக்கப்பட்டு நம் உழவரின் உயிரைக் காக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் 1895ஆம் ஆண்டில் காட்டிய வழி இது. பாம்பின் நஞ்சும், பழங்குடியினரின் கைத்திறனும், குதிரையின் குருதியும் ஓர் ஏழை உழவரின் நரம்பில் ஒன்று கூடுகின்றன. படைப்புகள் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆயினும் இங்கே ஒரு விந்தை உண்டு. மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடங்களில் சிலருக்கு உடலெங்கும் தடிப்பும் அரிப்பும் தோன்றுகின்றன, மூச்சு திணறுகிறது, இரத்த அழுத்தம் சரிகிறது. இதனை எதிர்பார்த்தே மருத்துவர் அட்ரினலின் ஊசியை ஆயத்தமாக வைத்திருக்கிறார். வேறு சிலருக்கு, பிழைத்து வீடு திரும்பி ஒன்றிரண்டு வாரம் சென்றபின் காய்ச்சலும் மூட்டுவலியும் வருகின்றன. வியன்னா நகரில் பிர்க்கே, ஷிக் என்னும் இரு மருத்துவர்கள் 1905ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கி நூல் எழுதினர். காக்க வந்த குதிரையின் புரதத்தை உடல் ‘அந்நியன்’ என்று கண்டு போர் தொடுப்பதே இதற்குக் காரணம்.

தன்னைக் காக்க வந்ததையே உடல் பகைப்பது ஏன்? அது அறியாமையா, அறிவா? உடலுக்கு யார் உறவு, யார் அந்நியர்? இக்கேள்வி இன்று உலகின் பெரிய மருத்துவமனைகளில் இன்னும் கூர்மையாக எழுந்துள்ளது. குதிரையின் குருதித் தூளுக்கே இத்தனை எதிர்ப்பு என்றால், ஒரு விலங்கின் இதயத்தையே மனிதருக்குள் பொருத்தினால் என்ன ஆகும்?

விலங்கின் உறுப்பும் மனித உடலும்

1963ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கீத் ரீம்ட்ஸ்மா என்னும் அறுவை மருத்துவர், சிம்பன்சிக் குரங்கின் சிறுநீரகங்களை நோயாளிகள் பலருக்குப் பொருத்தினார். அவர்களுள் ஒருவர் ஒன்பது மாதங்கள் வாழ்ந்தார். ஏனையோர் விரைவில் மறைந்தனர். 1984ஆம் ஆண்டு அக்டோபர் 26 அன்று கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில், குறையுள்ள இதயத்தோடு பிறந்த ஒரு பெண் மகவுக்கு பபூன் குரங்கின் இதயம் பொருத்தப்பட்டது. உலகமே ‘பேபி ஃபே’ என்று அழைத்த அக்குழந்தை நவம்பர் 15 அன்று கண்ணை மூடியது.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்ததுண்டு. 1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று, அசாம் மாநிலம் குவகாத்தியை அடுத்த சோனாப்பூரில், மருத்துவர் தனிராம் பருவா 32 வயது நோயாளி ஒருவருக்குப் பன்றியின் இதயத்தையும் நுரையீரலையும் பொருத்தினார். ஒரு வாரத்தில் நோயாளி இறந்தார். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ் மருத்துவர் கைது செய்யப்பட்டு நாற்பது நாள் சிறையில் இருந்தார். ‘முன்னோடி’ என்று அவரைப் போற்றுவோரும் இருந்தனர். ‘வரம்பு மீறியவர்’ என்று தூற்றுவோரும் இருந்தனர். நாம் அவருக்குத் தீர்ப்பு வழங்க முற்படவில்லை. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது: அந்த மேசையின்மேல் கிடந்தது ஒரு கோட்பாடன்று, ஒரு தாயின் மகன்.

இம்முயற்சிகள் தோற்றதன் காரணம் பின்னர் தெளிவாயிற்று. பன்றி முதலான பாலூட்டிகளின் உயிரணுக்களின் மேற்பரப்பில் ‘ஆல்பா-கால்’ எனப்படும் ஒரு சர்க்கரை உண்டு. மனிதருக்கும், மனிதக் குரங்குகளுக்கும், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் அது இல்லை. நம் குடலில் வாழும் நுண்ணுயிரிகள் சிலவற்றில் அதுபோன்ற சர்க்கரை இருப்பதால், குழந்தைப் பருவத்திலேயே அதற்கெதிரான எதிர்ப்பொருள் நம் குருதியில் ஆயத்தமாகிவிடுகிறது. எனவே பன்றியின் உறுப்பில் நம் இரத்தம் பாய்ந்த உடனேயே, வாசலில் நிற்கும் காவலர் பகைவனை அடையாளம் கண்டுகொள்கின்றனர். நிமிடங்களில், அல்லது சில மணி நேரத்தில், உறுப்பின் நுண்குழாய்களில் குருதி உறைகிறது. உறுப்பு கறுத்துச் செயலிழக்கிறது.

மருத்துவ அறிவியல் இதற்கு இரண்டு வழிகளைக் கண்டது. ஒன்று, வீட்டுக்காரரை அடக்குவது. அதாவது மருந்துகளால் நோயாளியின் எதிர்ப்பாற்றலைத் தணிப்பது. மற்றொன்று, விருந்தாளியை மாற்றுவது. அதாவது பன்றியின் மரபணுக்களையே திருத்தி அந்தச் சர்க்கரையை நீக்கிவிடுவது. 2022ஆம் ஆண்டு சனவரி 7 அன்று மேரிலாந்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 57 வயது நோயாளிக்கு, பத்து மரபணுத் திருத்தங்கள் செய்யப்பட்ட பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. உறுப்பு உடனே கறுக்கவில்லை, துடித்தது. இரண்டு மாதங்கள் அவர் வாழ்ந்தார். பின்னர் ஆராய்ந்தபோது, எவர் கண்ணிலும் படாமல் பன்றியின் நச்சுயிரி ஒன்று அவ்விதயத்தோடு வந்திருந்தமை தெரிந்தது. பின்னர் சிறுநீரகங்கள் பொருத்தப்பட்டன. 2025 சனவரியில் பாஸ்டன் நகர மருத்துவமனையில் அவ்வாறு பெற்றுக்கொண்ட ஒருவருக்கு அந்தச் சிறுநீரகம் 271 நாள்கள் உழைத்தது. பின்பு அதனை எடுக்க வேண்டியதாயிற்று. நிமிடங்கள் நாள்களாயின, நாள்கள் மாதங்களாயின. ஆயினும் முழு அமைதி இன்னும் பிறக்கவில்லை.

திருச்சபை என்ன சொல்கிறது?

இத்தகைய மருத்துவத்தை ஏற்கலாமா என்று கேட்கும் கத்தோலிக்கருக்குத் திருச்சபை நெடுங்காலமாகவே வழிகாட்டி வந்துள்ளது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், 1956ஆம் ஆண்டு மே 14 அன்று கண் கொடையாளர்களிடம் உரையாற்றியபோதே விலங்கின் திசுவை மனிதருக்குப் பொருத்துவது குறித்தும் பேசினார். அது முற்றிலும் தவறு என்று அவர் தள்ளிவிடவில்லை. எந்தத் திசு, எந்த நோக்கம் என்று பகுத்துப் பார்க்கச் சொன்னார். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 அன்று உரோமையில் கூடிய உறுப்பு மாற்று வல்லுநர்களிடம், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இரண்டு அளவுகோல்களை நினைவூட்டினார். பொருத்தப்படும் உறுப்பு, பெறுபவரின் உளவியல் அல்லது மரபு சார்ந்த அடையாளத்தைக் குலைத்தல் ஆகாது. நோயாளியை அளவுக்கு மீறிய ஆபத்தில் தள்ளாமல் வெற்றி பெறக்கூடும் என்பது அறிவியல் வழியாக மெய்ப்பிக்கப்பட்டிருத்தல் வேண்டும். 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று, வாழ்வுக்கான பாப்பிறைக் கழகம் இதனை விரிவாக ஆராய்ந்து ஓர் ஏடு வெளியிட்டது. மருத்துவர்களின் பாதுகாவலர்களாகிய புனித கோஸ்மாஸ், புனித தமியான் ஆகியோரின் திருநாள் அது. இறந்தவர் ஒருவரின் காலை எடுத்து நோயாளி ஒருவருக்குப் பொருத்திய புதுமை அவ்விருவர் பேரில் வழங்குவதை நம்முள் மூத்தோர் அறிவர்.

பன்றியின் இதயத்தைப் பெற்றவர் எந்த இதயத்தால் அன்பு செய்வார் என்று சிலர் வினவக்கூடும். தமிழில் ‘நெஞ்சம்’ என்னும் சொல் உறுப்பையும் குறிக்கும், உள்ளத்தையும் குறிக்கும் அன்றோ? கழகத்தின் ஏடு இதற்கும் விடை தருகிறது. மூளையும் இனப்பெருக்கச் சுரப்பிகளும் மனிதரின் தனித்தன்மையோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்தவை, அவற்றை மாற்றலாகாது. இதயமும் சிறுநீரகமும் தொழில் செய்யும் உறுப்புகள். அவற்றை மாற்றுவதால் ஆள் மாறுவதில்லை. கல் இதயத்தை எடுத்துவிட்டுச் சதை இதயத்தைத் தருவதாக எசேக்கியேல் வழியாக ஆண்டவர் தந்த வாக்குறுதி எந்த அறுவை மேசையிலும் நிறைவேறுவதன்று.

ஆனால் விலங்கின் நிலை என்ன? காணாமற்போன மகன் மேய்க்க நேர்ந்ததை எண்ணி நாணிய அதே பன்றியிடம் இன்று மனிதர் உயிர்ப்பிச்சை கேட்டு நிற்கின்றனர். பெரும் நன்மைக்காக விலங்கைப் பயன்படுத்தலாம், வீண் துன்பம் கொடுத்தலாகாது என்பது திருச்சபையின் போதனை. ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. மனிதர் தம் உறுப்பைத் தருகின்றனர். விலங்கு தருவதில்லை, நாம் எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்கொண்டதைக் கொடை என்று சொல்வது பொய். அது கடன். குதிரையின் குருதியால் பிழைத்த உழவரும், நாளை பன்றியின் சிறுநீரகத்தால் பிழைக்கப்போகும் நகரவாசியும் அக்கடனை உணர்ந்து வாழ்வதே முறை.

கொடை எங்கே?

பன்றியிடம் கேட்க வேண்டிய நிலை ஏன் வந்தது? மனிதரிடமிருந்து கிடைக்கும் உறுப்புகள் போதவில்லை. இதில் நம் தமிழகத்திற்கு இரண்டு முகங்கள் உண்டு. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் சென்னை வில்லிவாக்கத்து ஏழைகள் கடன் தீர்க்கத் தம் சிறுநீரகத்தை விற்றனர். ‘கிட்னிவாக்கம்’ என்று அவ்வூருக்கே ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. அது நம் வெட்கம். 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவுற்ற ஹிதேந்திரன் என்னும் 15 வயதுச் சிறுவனின் உறுப்புகளை மருத்துவர்களாகிய அவன் பெற்றோர் கொடையாக ஈந்தனர். அவன் இதயம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் மார்பில் துடித்தது. அது நம் பெருமை. உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023இல் தமிழக அரசு அறிவித்தது. நாம் எல்லோரும் ஈந்தாலும் தேவை முழுவதும் தீர்ந்துவிடாது என்பது உண்மையே. ஆனால் ஈயக்கூடியதை ஈயாதவர், விலங்கின் உயிரைக் கேட்கும்போது சற்றே தயங்க வேண்டாமா?

கருவறை கற்பிக்கும் பாடம்

வீட்டுக்காரரை அடக்குவது, விருந்தாளியை மாற்றுவது என இரண்டு வழிகளைச் சொன்னோம். மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அதனை மனிதர் கண்டுபிடிக்கவில்லை. படைத்தவர் முன்பே வைத்திருந்தார்.

மாட்டுத் தொழுவத்தில் அரிதாக இரட்டைக் கன்றுகள் பிறப்பதை நம் உழவர்கள் கண்டிருப்பர். தாயின் கருப்பையில் அவ்விரு கன்றுகளின் குருதிக்குழாய்களும் பெரும்பாலும் இணைந்துவிடுகின்றன. ஒன்றின் குருதி மற்றொன்றில் கலக்கிறது. அமெரிக்க அறிஞர் ரே ஓவன் இதன் விளைவை 1945இல் எடுத்துக்காட்டினார்: உருவிலும் பாலிலும் வேறுபட்ட இரட்டைக் கன்றுகள்கூட ஒன்று மற்றொன்றின் குருதி அணுக்களைத் தன்னுள் தாங்கியே வளர்கின்றன. இங்கிலாந்தில் பீட்டர் மெடவரும் அவர்தம் தோழர்களும் அத்தகைய கன்றுகளின் தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தனர். வேறு எந்த மாட்டின் தோலையும் உதிர்த்துவிடும் உடல், கருவில் குருதி பகிர்ந்த உடன்பிறப்பின் தோலை ஏற்றுக்கொண்டது! பிறகு 1953இல், பிறக்குமுன்னே அயல் அணுக்களைப் பெற்ற எலிக்குஞ்சு வளர்ந்தபின் அந்த அயலாரின் தோலை ஏற்பதை அவர்கள் மெய்ப்பித்தனர். மெடவருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது.

தாய்மையின் மறைபொருளும் இதுவே. கருவிலுள்ள மகவின் பாதி தந்தையினுடையது. அளவுகோலின்படி பார்த்தால் தாயின் உடலுக்கு அது அந்நியம். ஆயினும் தாயின் உடல் அதனை வெளியே தள்ளுவதில்லை. ஒன்பது மாதம் சுமக்கிறது. காவல் உறங்கிவிட்டதால் அன்று. காவலே தாலாட்டாக மாறிவிடுவதால். மருந்தால் அடக்கப்பட்ட அமைதி ஒன்று. குருதி பகிர்ந்து பிறந்த அமைதி மற்றொன்று. இரண்டாவதே நிலைக்கிறது.

இங்கே நாம் நம்மையே நோக்க வேண்டும். திருமுழுக்குத் தொட்டியைத் திருச்சபையின் கருவறை என்று தொன்றுதொட்டு நம் மறைத்தந்தையர் அழைத்தனர். அந்த ஒரே கருவறையிலிருந்து பிறந்தோம். ஒரே கிண்ணத்தில் ஒரே குருதியைப் பகிர்கிறோம். காட்டு ஒலிவக் கிளை நல்ல ஒலிவத்தில் ஒட்டப்பட்டது என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் புனித பவுல் சொல்லும் உவமை நம்மைப் பற்றியதே. நாம் எல்லோருமே ஒட்டுக் கிளைகள். அங்ஙனமாயின் ஒருவர் மற்றவரை மறுக்கலாகுமோ?

ஆனால் நாம் மறுக்கிறோம். தமிழகத்தில் எத்தனையோ ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே மதிலோ வேலியோ எழுந்து நிற்பதை நாம் அறிவோம். உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த எறையூரில் 2008 மார்ச் திங்களில், ஒரே விசுவாசத்தைக் கொண்ட மக்களுக்குள் சாதியின் பேரால் மூண்ட பூசலும், அதனை அடுத்து நிகழ்ந்த காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போனதும் நம் நினைவை விட்டு நீங்கக் கூடியவையல்ல. அவ்வூரை மட்டும் சுட்டுவது நம் நோக்கமன்று. அங்கு வெடித்தது, பல பங்குகளில் புகைந்துகொண்டிருப்பதே.

சாதி இயற்கையானது, குருதியில் உள்ளது என்று சொல்வோர் இன்றும் உளர். அவர்கள் ஒரு மருத்துவமனையின் குருதி வங்கிக்குச் சென்று பார்க்கட்டும். அங்கே ஏ உண்டு, பி உண்டு, ஏபி உண்டு, ஓ உண்டு. சாதிக்கென்று ஓர் அலமாரி இல்லை. நாம் மேலே கண்ட உடல் எத்துணைக் கூர்மையானது! ஒரு சர்க்கரை மூலக்கூறு வேறுபட்டாலும் கண்டுபிடித்துவிடும். உடன்பிறந்தார் உறுப்பையே ஐயத்துடன் நோக்கும். மனிதரிடையேயும் அது எளிதில் இசைவதில்லை. திசுப்பொருத்தமும் மருந்தும் வேண்டும். ஆயினும் இத்துணைக் கூரிய காவலர் எந்த நோயாளியிடமும், ‘இந்தச் சிறுநீரகம் எந்தத் தெருவிலிருந்து வந்தது?’ என்று கேட்டதில்லை. விபத்தில் குருதி இழந்து கிடக்கும்போது, ஊரின் எப்பக்கத்துக் குருதியும் வகை பொருந்தினால் நம்முள் ஓடும். உடல் அறியாத அந்நியரை உள்ளம் எங்கிருந்து கண்டுபிடித்தது?

உடலின் மறுப்பில் பாவம் இல்லை. நோய்க்கிருமிகள் நிறைந்த உலகில் அது நம்மைக் காக்கப் படைத்தவர் அமைத்த அரண். அந்தக் காவல் இல்லாதிருந்தால் ஒரு முள் குத்தினாலும் நாம் இறப்போம். மதில் எழுப்பும் மறுப்போ எந்த நோயிலிருந்தும் நம்மைக் காக்கவில்லை, அதுவே நோய். தன் உடலின் உறுப்பையே அந்நியம் என்று தாக்கும் நோய்கள் சில உண்டு என்று மருத்துவர்கள் கூறுவர். அத்தகைய நோயாளியின் உடலில் வெளிப்பகைவன் எவனும் இல்லை. தன் கையே தன் கண்ணைக் குத்துகிறது. கிறிஸ்துவின் மறையுடலாகிய நாம் அடைந்திருப்பது இந்த நோயே.

பன்றியின் இதயத்தை மனித உடல் ஏற்குமா என்பதற்கு அறிவியல் ஒருநாள் விடை காணும். அது கண்டு நாம் மகிழ்வோம்; அளவுகோல்களோடு ஏற்போம். பக்கத்து வீட்டாரை நாம் ஏற்போமா என்பதற்கு எந்த ஆய்வுக்கூடமும் விடை தராது. அதனை நாம்தான் தரவேண்டும். மருந்தால் அடக்கி அன்று, குருதி பகிர்ந்த உடன்பிறப்பாய். இல்லத்தில் கூடியிருக்கும் ஒரு மாலையில், ‘எனக்கு ஏதேனும் நேர்ந்தால் என் உறுப்புகளைக் கொடுத்துவிடுங்கள், யாருக்கு என்று கேளாதீர்கள்’ என்று குடும்பத்தாரிடம் சொல்லி வைப்பது ஒரு நல்ல தொடக்கம். ‘யாருக்கு என்று கேளாதீர்கள்’ என்னும் அந்தப் பின்பாதியே மெய்யான கொடை.

வரும் நவம்பர் 2 அன்று கல்லறைத் திருநாளுக்குச் செல்வோம். நம் முன்னோரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றியபின், கையில் ஒன்றை மீதம் வைத்துக்கொள்வோம். மதிலைச் சுற்றி நடந்து சென்று அப்பக்கத்தில் உறங்குபவர் ஒருவரின் தலைமாட்டில் அதனையும் ஏற்றி வைப்போம்.